வயதான நாய்க்கு ஆற்றல் சிகிச்சை கொடுக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஓர் அம்மையாரின் வீட்டில் டைகர் என்ற 12 வயது நாய் இருக்கிறது. இடுப்பு மூட்டுகள் தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், தினமும் கொடுக்கும்படி வலிமருந்து எழுதித் தந்திருக்கிறார். இதற்கிடையில், கோயிலில் பழக்கமான ஒருவர் மூலம் விலங்குகளுக்கு ஆற்றல் சிகிச்சை செய்பவர் ஒருவர் அறிமுகமாகியிருக்கிறார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கைகளால் சிகிச்சை செய்வதாகவும், வர முடியாத வாரங்களில் நாயின் புகைப்படத்தை வைத்துத் தொலைவிலிருந்தே செய்துவிடுவதாகவும், மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதை நம்பலாமா, செய்தால் தீங்கு உண்டா, மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா என்று அம்மையார் கேட்கிறார்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக டர்பனில் நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். என் பதில் இதுதான்: டைகருக்கு இப்போது நடக்கும் மருத்துவம் ஒரு நாள்கூடத் தடைபடாது என்றால், ஒருவர் வந்து அவன் அருகில் அமைதியாக அமர்ந்து கை வைப்பதால் கெடுதல் எதுவும் இல்லை, அவனுக்கு அது பிடித்துப்போகவும் கூடும். ஆனால் அந்தக் கையிலிருந்து ஓர் ஆற்றல் பாய்ந்து தேய்ந்த மூட்டைச் சரிசெய்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இதுவரை இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற வாக்கை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆற்றல் சிகிச்சை என்ற பெயரின் கீழ் பல முறைகள் அடங்கும். அவற்றில் அதிகம் அறியப்பட்ட ரெய்கி, ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் 1922இல் தொடங்கியது. ஹவாய்த் தீவில் வாழ்ந்த ஹவாயோ தக்காதா என்ற பெண்மணி அதை 1930களில் ஜப்பானில் கற்று அமெரிக்கப் பக்கம் கொண்டு சென்றார். 1970களில் நியூயார்க்கில் செவிலியர் பேராசிரியை டோலோரஸ் கிரீகரும் டோரா குன்ஸும் உருவாக்கிய இன்னொரு முறையில், உடலைத் தொடாமலேயே சில அங்குல உயரத்தில் கைகளை நகர்த்தி, உடலைச் சூழ்ந்திருப்பதாகக் கருதப்படும் ஆற்றல் புலத்தைச் சீர்செய்வதாகச் சொல்வார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய பிராணிக் ஹீலிங்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவை அனைத்தும் மனிதர்களுக்காகத் தோன்றிப் பின்னர் விலங்குகளுக்கும் நீட்டிக்கப்பட்டவை. அக்குபஞ்சர், நீரில் நடக்கவைக்கும் பயிற்சி, தசைப்பிடிப்பு நீக்கும் மசாஜ் போன்றவற்றை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை உடலின்மீது நேரடியாகச் செயல்படுபவை. அவற்றின் நன்மை தீமைகளைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

நம்மவர்களுக்கு இந்த எண்ணம் ஒன்றும் புதிதல்ல. கன்று பால் குடிக்காவிட்டால் மிளகாயும் உப்பும் கடுகும் சுற்றி அடுப்பில் போட்ட பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் நாமெல்லாம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் இருக்கும் நட்டால் கரைக்கு வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள் வீட்டிலும், திருஷ்டி கழிப்பதும் வேப்பிலை அடித்து மந்திரிப்பதும் இன்றும் நடக்கின்றன. அதை நான் குறைவாக நினைப்பவன் அல்ல. ஆனால் அதே பாட்டிகள் மாட்டுக்கு மடிவீக்கம் வந்தபோது சோற்றுக்கற்றாழையையும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அரைத்துப் பூசவும் செய்தார்கள். திருஷ்டி கழித்தது மனத்துக்கு, பற்றுப் போட்டது மடிக்கு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அந்தத் தெளிவைத்தான் இந்தக் கேள்விக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

கைகளால் ஆற்றலை உணர முடியும் என்ற கூற்றை மிக எளிமையாகச் சோதித்துப் பார்த்தவள் ஓர் அமெரிக்கச் சிறுமி. எமிலி ரோசா என்ற அந்தச் சிறுமி, பள்ளி அறிவியல் திட்டத்துக்காக, தொடாமல் சிகிச்சை செய்யும் 21 பேரை ஓர் அட்டைத் தடுப்புக்கு எதிரே அமரவைத்தாள். அவர்கள் இரண்டு கைகளையும் தடுப்பின் துளைகள் வழியாக நீட்டி வைத்திருக்க, அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்தாள். எந்தக் கைக்கு அருகில் சிறுமியின் கை இருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வந்துவிடும். 280 முறை செய்ததில் 123 முறைதான் சரியாக வந்தது, அதாவது 44 விழுக்காடு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998இல் இது வெளியானபோது அவளுக்கு வயது 11. மனிதக் கை ஒன்று அங்கே இருக்கிறதா இல்லையா என்பதையே உணர முடியாத நிலையில், ஒரு நாயின் இடுப்பில் ஆற்றல் அடைபட்டிருப்பதை உணர்வதாகச் சொல்வதை எப்படி ஏற்பது?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் பால்ட்வின், ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இரைச்சலால் அழுத்தத்துக்கு உள்ளான எலிகளுக்கு ரெய்கி கொடுத்துப் பார்த்து, நுண்ணிய ரத்தக் குழாய்களின் பாதிப்பு குறைந்ததாக 2006இலும், இதயத் துடிப்பு சீரடைந்ததாக 2008இலும் எழுதினார்கள். ரெய்கி செய்பவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது இவற்றைத்தான். இரண்டாவது ஆய்வில் இருந்தவை மூன்றே எலிகள். மூன்று எலிகளின் துடிப்பை வைத்து ஒரு மருத்துவ முறையை நிறுவிவிட முடியாது. மூட்டுத் தேய்ந்த நாய்க்கு அதைப் பொருத்திப் பார்க்கவும் முடியாது.

அப்படியானால், சிகிச்சை செய்தபின் நாய் நன்றாக நடக்கிறது என்று இத்தனை பேர் மனமாரச் சொல்கிறார்களே, அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? ஒருவரும் பொய் சொல்லவில்லை. இந்த இடத்தைத்தான் நான் நிதானமாக விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

மூட்டு வலி கொண்ட நாய்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தபோது என்ன நடந்தது என்பதை அமெரிக்காவில் கான்செமியஸும் எவான்ஸும் 2012இல் வெளியிட்டார்கள். 58 நாய்கள். ஒவ்வொரு நாயும் காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்பதைத் தரையில் பதித்த அளவுத் தகடு பதிவுசெய்தது. அந்தத் தகட்டின்படி நடை துளியும் தேறாதபோதும், நாயை வளர்ப்பவர்கள் ஏறத்தாழ 57 விழுக்காடு வேளைகளில் தேறிவிட்டதாகவே மதிப்பிட்டார்கள். இதைவிட எனக்கு உறைத்த செய்தி வேறு. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்களும் ஓட்டத்தில் பார்த்தபோது 40 விழுக்காடு, நடையில் பார்த்தபோது 45 விழுக்காடு அளவுக்கு அதே தவறைச் செய்தார்கள். மனிதர்களில் வெற்று மாத்திரை நோயாளியின் மனத்தில் வேலை செய்கிறது. விலங்குகளில் அது பார்ப்பவரின் கண்ணில் வேலை செய்கிறது. வலி குறைந்ததா என்று நாய் வாய் திறந்து சொல்ல முடியாததால், அன்பு மிகுந்த நம் கண்ணே சாட்சியாகவும் நீதிபதியாகவும் ஆகிவிடுகிறது.

மூட்டுத் தேய்மானத்தின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. அது ஒரே சீராக இருப்பதில்லை; ஏறும், இறங்கும். ஜூன், ஜூலை மாதங்களில் டர்பனின் இளங்குளிருக்கே வயதான நாய்கள் காலையில் எழத் திணறும். பத்து நாள் கழித்து வெயில் வந்தால் தானாகவே கொஞ்சம் இளகும். நாம் புதிய சிகிச்சையைத் தேடிப் போவது மிக மோசமான நாளில்தான். மிக மோசமான நாளுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிடச் சற்று நல்ல நாளாகத்தான் இருக்கும். அந்த நல்ல நாளின் பெருமை, இடையில் வந்து போனவருக்குக் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னாலும், கையை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ரெய்கி பயின்ற ஒரு பெண்மணி சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் தெருவில் மீட்கப்பட்ட, மனிதர்களைக் கண்டாலே கூண்டின் மூலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாயிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவர் கூண்டைத் திறந்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பக்கவாட்டாக அமர்ந்தார். நாயை நேராகப் பார்க்கவில்லை, கையை நீட்டவில்லை, பேசவும் இல்லை. நான் வாசலில் நின்று நாயின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் இருந்தது. கால் மணி நேரம் கழித்து நாய் ஒருமுறை உதட்டை நக்கிக்கொண்டது, பிறகு உடலை உலுக்கிக்கொண்டது, இரண்டடி முன்னே வந்து அந்தப் பெண்மணியின் முழங்கால் அருகே மோவாயைத் தரையில் வைத்துப் படுத்தது. அப்போது மூச்சு இருபத்திரண்டு. அதன் பிறகுதான் அவர் ஒரு கையை மெல்ல அதன் தோள்மேல் வைத்தார்.

அங்கே ஆற்றல் எதுவும் பாய்ந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நான் பார்த்தது உண்மை. அவசரமில்லாத ஒரு மனித உடல் அருகில் இருந்தது, தப்பிக்க வழி திறந்திருந்தது, தொடுவதா வேண்டாமா என்ற முடிவு நாயிடமே விடப்பட்டிருந்தது. பரபரப்பான மருத்துவமனை நாளில் நாங்கள் யாரும் அந்த நாய்க்குக் கொடுக்காத மூன்று பொருள்கள் அவை. தொடுகையின் விளைவை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொரிந்துகொள்ளும் திமில் பகுதியில் மனிதர் சொரிந்துவிட்டால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இல் பிரான்ஸின் கமார்க் குதிரைகளில் கண்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். நம் மனநிலையை விலங்குகள் எவ்வளவு நுட்பமாகப் படிக்கின்றன என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஒரு குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றிருந்தது. 1907இல் ஆஸ்கர் பிஃபுங்ஸ்ட் சோதித்தபோது, கேள்வி கேட்பவரின் தலையசைவில் தெரியாமல் வெளிப்படும் மிகச் சிறிய மாற்றத்தைப் பார்த்தே அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று தெரிந்தது. சிகிச்சை செய்பவர் வந்ததும் வீட்டு அம்மாவின் கவலை தணிகிறது. அம்மாவின் தோள் தளர்ந்ததைக் கண்டு நாயும் தளர்கிறது. இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே அச்சம், தனிமை, படபடப்பு போன்றவற்றில் அமைதியான தொடுகைக்கு இடமுண்டு. தீபாவளி இரவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வெடிச் சத்தத்தில் நடுங்கும் நாயை அணைத்துக்கொண்டால் பயம் பழகிவிடும் என்று சிலர் தடுப்பார்கள், அது தவறு. பயம் என்பது பழக்கம் அல்ல, உணர்வு. அருகில் உட்காருங்கள், நாய் ஒட்டிக்கொள்ள விரும்பினால் விடுங்கள், சன்னல்களை மூடித் திரையிடுங்கள். பயம் மிகுதியாக உள்ள நாய்க்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சென்று படபடப்பைக் குறைக்கும் மருந்தைப் பேசுங்கள். உடலை மட்டும் அசையவிடாமல் செய்து பயத்தை உள்ளேயே விட்டுவிடும் பழைய அசிப்ரோமசின் மாத்திரையைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உடல்நோயில் நிலைமை வேறு. இங்கே கெடுதல் கையினால் வருவதில்லை, நாளைக் கடத்துவதால் வருகிறது. ஒரு கோடைக்கால மாலையில் நான்கு வயது நாய் ஒன்றைத் திறந்த வண்டியின் பின்பகுதியில் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார்கள். அந்த மூன்று நாளும் தொலைவிலிருந்து ஒருவர் ஆற்றல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நாய் அசையாமல் படுத்திருந்ததை, சிகிச்சை உள்ளே வேலை செய்கிறது என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். உதட்டை உயர்த்திப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. போர்வையில் பட்டிருந்த சிறுநீர், நன்றாகக் கொதித்த ரூயிபோஸ் என்ற செந்நிறத் தேநீரின் நிறத்தில் இருந்தது. காதுமடலின் உட்புறம் விரலால் தடவியபோது ஒரு மஞ்சள் உண்ணி கிடைத்தது. நம் ஊரில் எல்லோரும் பிலியரி என்று சொல்லும் நோய்தான் அது. தென்னாப்பிரிக்காவில் காணப்படும் பபீசியா ராசி என்ற ஒட்டுண்ணி, உண்ணிக் கடியால் ரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். பபீசியா வகைகளில் இது கொடியது. முதல் நாளில் வந்திருந்தால் ஓர் ஊசியோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். அன்று இரவு இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றினோம். விடியும் முன் அது இறந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த தந்தையும் மகனும் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் மூன்று நாளும் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற அந்த ஆறுதல்தான் அவர்களை என்னிடம் வரவிடாமல் தடுத்தது. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனவே சில அறிகுறிகள் தெரிந்தால் எந்த ஆற்றல் சிகிச்சையையும் நினைக்காமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: ஈறு வெளுத்தல் அல்லது மஞ்சளாதல், ஒரு நாளுக்கு மேல் உணவு மறுத்தல், தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டி நிற்றல், சிறுநீர் நின்றுபோதல், வயிறு ஊதிக்கொண்டு வாந்தி வராமல் குமட்டுதல், திடீரென எழ முடியாமல் போதல். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். இதை நாய் நலமாக இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சாதுவான நாய் திடீரென முறைத்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, குரல் மாறினாலோ, விழுங்கத் திணறினாலோ அதன் வாயருகே யாருடைய கையும் போகக் கூடாது, சிகிச்சையாளரின் கையும்தான். நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம்; டைகரின் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

சட்டம் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் 1982ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் கால்நடை மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. நோயைக் கண்டறிவதும் மருந்தை எழுதுவதும் நிறுத்துவதும் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்களின் பொறுப்பு. கை வைத்து அமைதிப்படுத்துபவர், உங்கள் நாய்க்குச் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது, இந்த மாத்திரையை விட்டுவிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று பொருள். இன்னொரு சட்டம் நம்மையே பற்றியது. 1962ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், நோயுற்ற விலங்குக்குத் தன்னால் இயன்ற மருத்துவ உதவியைப் பெற்றுத் தராமல் விடுவதைக் குற்றமாகக் கருதுகிறது. பணம் இல்லாததால்தான் பலர் இத்தகைய சிகிச்சைகளை நாடுகிறார்கள் என்பதை அறிவேன். அப்படியானால் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை, அதாவது எஸ்பிசிஏவை, அணுகிக் கேளுங்கள். உங்கள் மருத்துவரிடமே கூச்சப்படாமல் செலவைப் பற்றிப் பேசுங்கள். குறைந்த செலவில் எது முக்கியம் என்று வரிசைப்படுத்தித் தர எங்களால் முடியும்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி இன்னும் ஒரு சொல். டைகர் உண்ணும் வகை வலிமருந்தை நிறுத்தினால் வலி திரும்பும், அதோடு போய்விடும். ஆனால் இதே அறிவுரையை வலிப்பு நோய்க்கு பீனோபார்பிட்டோன் உண்ணும் நாயிடமோ, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த நாயிடமோ, இன்சுலின் போடும் பூனையிடமோ கடைப்பிடித்தால் உயிரே போகலாம். வலிமருந்து நீண்ட நாள் உண்ணும் வயதான நாய்க்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும் என்பது உண்மைதான். உங்கள் அச்சத்துக்குச் சரியான விடை அந்தப் பரிசோதனைதான். வீட்டில் இருக்கும் மனிதர்களின் மாத்திரையை மாற்றாகக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். சிகிச்சையாளர் வாசனை எண்ணெய் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேயிலை மர எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. கற்பூரத்தை நாய்க்கு எட்டாமல் வையுங்கள், சாம்பிராணிப் புகையில் கிளியையும் பூனையையும் வைக்காதீர்கள்.

இனி டைகர். தேய்ந்த இடுப்புக்கு உறுதியாக உதவும் முதல் மருந்து எடைக் குறைப்பு. ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார் நாய்களை இணையிணையாகப் பிரித்து, மொத்தம் 48 நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் (சரிபாதி நாய்கள் எட்டிய வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. நம் வீடுகளில் ரொட்டித் துண்டும் பிரியாணி மிச்சமும் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவின் ஓரமும் நாய்க்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் போடுகிறோம். அந்த அன்பை இடுப்புதான் சுமக்கிறது. இந்த வாரமே டைகரை எடை பாருங்கள். வழுக்கும் தரையில் பழைய கம்பளம் விரியுங்கள். ஒரே நீண்ட நடையைவிட இரண்டு மூன்று குட்டி நடைகள் நல்லவை.

சிகிச்சையாளரை அழைக்க விரும்பினால், முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதை அவரே கேட்பார். குணமாக்குவேன் என்று வாக்களிப்பவரையும், பத்து முறைக்கு முன்பணம் கேட்பவரையும் தவிர்த்துவிடுங்கள். புகைப்படச் சிகிச்சைக்கு ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதில் டைகருக்குத் தொடுகைகூடக் கிடைப்பதில்லை. பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். தினமும் காலை அதே நேரத்தில், அதே படிக்கட்டில் அவன் ஏறுவதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வையுங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், தொடங்கிய பின் நான்கு வாரம். மருந்தின் அளவை இந்த ஆறு வாரமும் மாற்றக் கூடாது. வேறு ஊரில் இருக்கும் மகளிடமோ தங்கையிடமோ அந்தப் படங்களைத் தேதி தெரியாமல் கலைத்து அனுப்பி, எந்த நாளில் நடை நன்றாக இருக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பிந்தைய நாள்கள் மேலே வந்தால் மகிழ்ச்சியோடு தொடருங்கள். கலந்து வந்தால் அந்தப் பணத்தை ரத்தப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மருத்துவமனைக்கு வந்த அந்த ரெய்கிப் பெண்மணி செய்ததை நீங்களே செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, டைகரின் பக்கவாட்டில், அவன் எழுந்து போக வழிவிட்டு அமருங்கள். நெஞ்சின் ஓரத்திலோ தோளிலோ உள்ளங்கையை அழுத்தாமல் வையுங்கள். வலியுள்ள இடுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். மூன்று வினாடி தடவிவிட்டுக் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உதட்டை நக்கினால், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால், இன்றைக்குப் போதும் என்று பொருள். வேண்டுமென்றால் மூக்கால் உங்கள் கையை இடிப்பான். அப்போது இன்னும் மூன்று வினாடி தடவுங்கள்.